லைம் ரீஜிஸ்: ஒரே நாளில் போய்வரலாமா, தங்கணுமா? அம்மாவும் எட்டு வயதுப் பையனும் கூட வருகிறார்கள்

வைகைக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் ரெடிங்கில் இருக்கிறோம். அக்டோபர் கடைசியில் ஹாஃப் டெர்ம் விடுமுறை வருகிறது. ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார், அறுபத்தெட்டு வயது, சமதரையில் நன்றாக நடப்பார், ஆனால் ஏற்ற இறக்கம் என்றால் முழங்கால் பிடித்துக்கொள்ளும். பையனுக்கு எட்டு வயது, டைனோசர் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். லண்டன் நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியத்தில் சுவரோடு சுவராக மாட்டியிருக்கும் அந்தப் பெரிய கடல் விலங்கு எலும்புக்கூடுகளைப் பார்த்ததிலிருந்து, அவற்றைத் தோண்டியெடுத்த மேரி ஆனிங்கின் ஊருக்குப் போகணும் என்று ஒரே பிடிவாதம். அந்த ஊர்தான் டோர்செட் கடற்கரையில் இருக்கிற லைம் ரீஜிஸ்.

எங்களிடம் கார் கிடையாது. காலையில் கிளம்பி ராத்திரி வீடு திரும்ப முடியுமா, இல்லை ஒரு ராத்திரியாவது தங்கணுமா? அம்மாவுக்கு அங்கே என்ன இருக்கிறது? அவர் சுத்த சைவம், முட்டை கூடச் சேர்ப்பதில்லை. மலைச்சரிவுக்கு அடியில் கல் பொறுக்குவது சின்னப் பையனை வைத்துக்கொண்டு பத்திரம்தானா? வீட்டுக்காரர் பேசாமல் போர்ன்மத் போகலாம், ரயில் நேராகப் போகும், மணலும் நிறைய இருக்கும் என்கிறார். போய்வந்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

கல்பொறுக்கி:

தங்குங்கள் அக்கா. நான் எக்ஸிடரில் இருக்கிறேன், குளிர்காலத்தில் விடுமுறை கிடைத்தாலே லைம் பக்கம்தான் போவேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அந்த ஊரில் எதை எப்போது செய்யலாம் என்பதைக் கடல்தான் முடிவு செய்கிறது. கடல் ஏறியிருக்கும்போது பாறைச்சரிவின் அடிவாரம் வரை தண்ணீர் வந்துவிடும், கல் பொறுக்க இடமே இருக்காது. உள்வாங்கும்போதுதான் கரை திறக்கும். நீங்கள் ரயிலும் பஸ்ஸும் பிடித்துப் போய்ச் சேரும் நேரத்தில் கடல் ஏறிக்கொண்டிருந்தால் பையன் கண்ணாலே பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். ஒரு ராத்திரி தங்கினால் பகல் வெளிச்சத்தில் ஒரு வற்றமாவது நிச்சயம் கையில் கிடைக்கும்.

இதற்கு நம் காலண்டரே போதும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் கடல் அதிகமாக உள்வாங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். லைம் ரீஜிஸில் அந்த நாட்களில் கடல் நன்றாக உள்வாங்குவது பெரும்பாலும் நண்பகலில் இருந்து இரண்டு மணிக்குள் விழும். குழந்தையோடு போகிறவர்களுக்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது. அஷ்டமி பக்கம் போனீர்கள் என்றால் வற்றம் காலையிலோ சாயங்காலமோ தள்ளிப்போய்விடும், தண்ணீரும் அவ்வளவு தூரம் விலகாது. சரியான நேரத்தை, கடல் ஏறி இறங்கும் நேரம் போட்டிருக்கும் ஓத அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு விஷயம், சில அட்டவணைகள் வருஷம் முழுக்க கிரீன்விச் நேரத்திலேயே இருக்கும், கோடை நேரம் முடிகிற அக்டோபர் கடைசி ஞாயிறு வரை ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். உங்கள் விடுமுறை சரியாக அந்த வாரத்தில் வருகிறது, கவனம்.

எங்கே தேடுவது என்று கேட்டால், இரண்டு பக்கம் இருக்கிறது. ஊருக்குக் கிழக்கே 2014-ல் கட்டி முடித்த கடல் சுவர் மேலேயே நடந்துபோய் அதன் முடிவில் படியிறங்கினால், பிளாக் வென் என்கிற கருத்த சரிவுக்குப் போகிற கரை. பொன்னிறமான சின்ன அம்மோனைட்டுகள், அதாவது சுருண்ட ஓடு கொண்ட பழங்காலக் கடல் உயிரின் படிவங்கள், அந்தப் பக்கம்தான். சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடலடிச் சேற்றில் புதைந்த சிப்பிக்குள் பைரைட் என்கிற இரும்புக் கந்தகக் கனிமம் நிறைந்து இறுகிப்போனவை அவை, பல சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். பைரைட் கனம் அதிகம், அலை அதைச் சாதாரணக் கூழாங்கல்லிலிருந்து பிரித்து, கனமான மற்ற பொருள்களோடு சேர்த்துப் போட்டுவிடும். அதனால் கரையில் துருப்பிடித்த ஆணியும் இரும்புத் துண்டும் ஒதுங்கிக் கிடக்கிற திட்டு கண்ணில் பட்டால் அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும். பையனைக் குந்தவைத்து, ஓர் அடிச் சதுரத்தை மட்டும் விரலால் கிளறச் சொல்லுங்கள். நடந்துகொண்டே தேடுகிறவர்களுக்கு அனேகமாக எதுவும் கிடைப்பதில்லை.

அங்கே இரும்பு எப்படி வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது பத்திரம் சம்பந்தப்பட்டது. சரிவின் மேலே ஊரின் பழைய குப்பைமேடு ஒன்று இருந்தது. 2008 மே மாதம் சுமார் 400 மீட்டர் நீளத்துக்கு மண் சரிந்தபோது அதுவும் சேர்ந்து கரைக்கு வந்துவிட்டது. கண்ணாடித் துண்டு இன்னமும் கிடக்கும், தடித்த அடியுள்ள ஷூவும் பையனுக்குக் கையுறையும் அவசியம். சரிவின் அடியில் உட்காரவே கூடாது, மழைக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் கல் விழும். சாம்பல் நிறச் சேறு கரைவரை வழிந்து கிடக்கும், மேலே காய்ந்த மாதிரித் தெரியும், கால் வைத்தால் முழங்கால் வரை இழுத்துக்கொள்ளும். கடல் திரும்ப ஆரம்பித்ததும் நீங்களும் திரும்பிவிட வேண்டும், இன்னும் அஞ்சு நிமிஷம் என்று நிற்கக் கூடாது.

முதல் தடவை என்றால் லைம் ரீஜிஸ் மியூசியமே நடத்துகிற கல் தேடும் நடையில் சேர்ந்துகொள்ளுங்கள். ஓத நேரத்தைப் பார்த்துத்தான் அவர்கள் நடைக்கு நேரம் வைப்பார்கள், கையில் எடுத்த கல் என்ன என்று அந்த இடத்திலேயே சொல்வார்கள். சார்மத் கிராமத்தில் இருக்கிற ஹெரிடேஜ் கோஸ்ட் சென்டரும் இப்படி நடத்துகிறது.

பாட்டிமார்_பயணம்:

நான் அம்மா, மாமியார் இரண்டு பேரையும் சேர்த்தே கூட்டிப்போனவள், அதனால் முழங்கால் பற்றியும் சாப்பாடு பற்றியும் மட்டும் சொல்கிறேன்.

தம்பி கல்லைப் பற்றி நன்றாகச் சொல்லிவிட்டார். ஆனால் ஊர் பூராவும் சரிவு என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பிராட் ஸ்ட்ரீட் என்கிற கடைவீதி மேலிருந்து நேரே கடலுக்கு இறங்குகிறது. அழகான வீதி, இருபக்கமும் பழைய கட்டடங்கள், புதைபடிவம் விற்கிற கடைகள், எல்லாம் சரிதான், ஆனால் இறங்கியதை ஏறியாக வேண்டும். தங்கும் இடத்தைத் தேடும்போது விலை குறைவாக இருக்கிறதே என்று மேட்டில் எடுத்துவிடாதீர்கள். மெரின் பரேடு என்று கடலோரமாக ஒரு நடைபாதை இருக்கிறது, ஊரிலிருந்து காப் என்கிற பழைய அலைதடுப்புச் சுவர் வரை முழுக்கச் சமதரை, வண்டி வராது. அதை ஒட்டியோ கடைவீதியின் அடிமுனையிலோ அறை கிடைத்தால் இருபது முப்பது பவுண்டு கூடப் போனாலும் எடுங்கள். அம்மா தானாகவே காலையும் மாலையும் நடந்துவிட்டு வருவார், யாரும் கைபிடிக்க வேண்டாம். நம் வீட்டுப் பெரியவர்கள் இங்கே வந்தால் எங்கே போவதென்றாலும் நம்மை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஓர் ஊரில் இரண்டு நாளாவது அவர்கள் இஷ்டத்துக்கு வெளியே போய்வருவது பெரிய விஷயம். என் மாமியார் அதைத்தான் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வழி: ரெடிங்கிலிருந்து பேசிங்ஸ்டோக், அங்கே மாறி எக்ஸிடர் போகிற ரயில், ஆக்ஸ்மின்ஸ்டரில் இறங்க வேண்டும். லைமுக்கே ஒரு காலத்தில் கிளை ரயில் இருந்தது, 1965-ல் மூடிவிட்டார்கள். இப்போது ஸ்டேஷன் வாசலிலேயே பஸ். வார நாட்களில் பரவாயில்லை, ஞாயிற்றுக்கிழமை என்றால் நேரத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள், தேவைப்பட்டால் டாக்சிக்கு முன்பே சொல்லிவையுங்கள், அங்கே போய்த் தேட முடியாது.

சாப்பாடு: கடலோரக் கடைகளில் சிப்ஸ் வாங்கும்போது எந்த எண்ணெயில் பொரிக்கிறார்கள் என்று கேட்டே ஆக வேண்டும். சில கடைகளில் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள், தாவர எண்ணெய் என்றாலும் மீனும் சிப்ஸும் ஒரே சட்டியாக இருக்கலாம். கேட்டால் முகம் சுளிக்காமல் சொல்வார்கள். ஸ்கோனும் கிளாட்டட் கிரீமும் அந்தப் பக்கத்துச் சிறப்பு, ஆனால் சில இடங்களில் ஸ்கோன் மாவில் முட்டை சேர்ப்பார்கள், மேலே முட்டை தடவியும் சுடுவார்கள், அதையும் கேளுங்கள். டோர்செட் ஆப்பிள் கேக்கில் முட்டை உண்டு. சமையலறையோடு கூடிய அறை எடுத்துவிட்டு, ஒரு சின்ன குக்கரும் புளிக்காய்ச்சலும் கொண்டுபோய்விட்டால் இந்தத் தொல்லையே கிடையாது, நான் அப்படித்தான் செய்தேன். வெளியே எதைச் சாப்பிட்டாலும் கூரைக்கு அடியில் நின்று சாப்பிடுங்கள். கடற்காகங்கள் பின்னாலிருந்து வந்து கையிலிருப்பதைக் கொத்திக்கொண்டு போய்விடும், குழந்தை பயந்துவிடுவான்.

பழைய_துறைமுகம்:

எல்லாரும் கல்லையும் சிப்ஸையுமே சொல்கிறீர்கள். கல் கிடைக்காவிட்டாலும் போய்ப் பார்க்க வேண்டிய ஊர் அது, அம்மாவுக்குச் சொல்லவும் நிறையக் கதை இருக்கிறது.

முதலில் அந்தக் காப். இயற்கையாகத் துறைமுகம் அமையாத இடத்தில், கருவேல மரக்கட்டைகளை நட்டு நடுவே பாறைகளை அடுக்கி, கடலுக்குள் வளைத்து ஒரு சுவர் எழுப்பினார்கள். பதினான்காம் நூற்றாண்டு ஆவணத்திலேயே இதைப் பற்றிக் குறிப்பு இருக்கிறது. புயலில் உடைவதும் திரும்பக் கட்டுவதுமாகவே இருந்திருக்கிறது. 1756 வரை அது கரையோடு சேராமல் கடலுக்குள் தனியாகவே நின்றது. இந்த ஊருக்கு முதலாம் எட்வர்ட் 1284-ல் பட்டயம் கொடுத்தார், லத்தீனில் 'அரசருடைய' என்று பொருள்படும் ரீஜிஸ் பெயரில் வந்தது அதனால்தான். காப்பில் மேல்தளம், கீழ்த்தளம் என்று இரண்டு இருக்கும். மேல்தளம் கடலைப் பார்த்துச் சரிந்திருக்கும், கைப்பிடி கிடையாது, ஈரம் பட்டால் வழுக்கும். அம்மாவைக் கீழ்த்தளத்திலேயே கூட்டிப்போங்கள். சுவரிலிருந்து கல் துண்டுகள் நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு படிக்கட்டு உண்டு, 'பாட்டியின் பற்கள்' என்று பெயர், பையன் ஏற ஆசைப்படுவான், நீங்கள் கீழே நின்று பார்த்துக்கொள்ளுங்கள். 1803-லும் 1804-லும் இங்கே வந்து தங்கிய ஜேன் ஆஸ்டின், தன் நாவல் ஒன்றில் ஒரு பெண்ணை இந்தக் காப்பில்தான் தவறி விழவைத்தார்.

காப்புக்கு மேற்கே இருக்கிற கரைக்கு மன்மத் பீச் என்று பெயர். 1685 ஜூன் 11 அன்று மன்மத் பிரபு ஹாலந்திலிருந்து சுமார் எண்பது பேரோடு வந்து அங்கே இறங்கினார். இறந்துபோன அரசர் இரண்டாம் சார்லஸுக்கு முறையான திருமணத்தில் பிறக்காத மகன் அவர். சித்தப்பா இரண்டாம் ஜேம்ஸிடமிருந்து அரியணையைப் பறிக்க வந்தவர். சுற்றுவட்டாரத்து நெசவாளிகளும் உழவர்களும் அவர் பின்னால் போனார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஜூலை 6 அன்று செஜ்மூரில் தோற்றார், ஜூலை 15 அன்று லண்டனில் தலையை வெட்டினார்கள். அதோடு விடவில்லை. நீதிபதி ஜெஃப்ரிஸ் ஊர் ஊராகப் போய்த் தண்டனை கொடுத்தபோது, பன்னிரண்டு பேரை மன்மத் வந்திறங்கிய அதே கரையில் தூக்கிலிட்டார்கள். அரசகுமாரன் பேச்சை நம்பிப் போன எளிய மனிதர்கள். அந்த இடத்தில் நிற்கும்போது எனக்கு அவர்கள் நினைப்புதான் வரும்.

அப்புறம் மேரி ஆனிங். மியூசியத்தில் பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். மியூசியம் நிற்பதே அவர் பிறந்த வீடு இருந்த மனையில்தான். அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் கறுப்பாக ஒரு சிலை, கையில் சுத்தியல், பக்கத்தில் டிரே என்கிற நாய், முகம் பிளாக் வென் பக்கம் பார்த்தபடி. ஒரு பள்ளி மாணவி தொடங்கிவைத்த முயற்சியால் 2022 மே 21 அன்று, மேரியின் பிறந்தநாளில் திறந்தார்கள். பாவாடை மடிப்புகளைக் கிட்டப்போய்ப் பாருங்கள், அம்மோனைட்டுகளைச் செதுக்கியிருப்பார்கள், பையனை எண்ணச் சொல்லலாம். சர்ச் ஸ்ட்ரீட்டில் இருக்கிற செயின்ட் மைக்கேல்ஸ் தேவாலய வளாகத்தில் அவருடைய கல்லறை. அண்ணன் ஜோசஃபுக்கும் சேர்த்து ஒரே கல். அதன்மேல் யாராவது சிப்பியோ படிவமோ வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். உள்ளே அவர் நினைவாக ஒரு வண்ணக் கண்ணாடிச் சன்னல்.

பையனுக்குக் கதையை இப்படிச் சொல்லுங்கள். கைக்குழந்தையாக இருந்தபோது மரத்தடியில் இடி விழுந்து, அவளைத் தூக்கிவைத்திருந்தவர் உட்பட மூன்று பெண்கள் செத்துப்போனார்கள், குழந்தை பிழைத்தது. அப்பா தச்சர், 1810-ல் கடனை வைத்துவிட்டு இறந்தார். அடுத்த வருஷம் அண்ணன் ஒரு பெரிய மண்டையோட்டைப் பார்த்தான், மீதி உடலைத் தேடிக் கண்டுபிடித்தபோது அவளுக்குப் பன்னிரண்டு பதிமூன்று வயது. இக்தியோசார் என்கிற அந்தக் கடல் விலங்கு 23 பவுண்டுக்குப் போனது, குடும்பம் சாப்பிட்டது. 1823-ல் முழுசாக ஒரு பிளீசியோசாரை எடுத்தார். கழுத்து இவ்வளவு நீளம் இருக்காது, இது போலி என்று பிரான்ஸின் பேரறிஞர் குவியே முதலில் சந்தேகப்பட்டு, பிறகு ஒப்புக்கொண்டார். 1833-ல் பக்கத்திலேயே மண் சரிந்து டிரே செத்தது. அவர் எடுத்துக்கொடுத்ததை வைத்து ஆண்கள் கட்டுரை எழுதினார்கள், பெயர் வாங்கினார்கள். லண்டன் ஜியாலஜிக்கல் சொசைட்டி பெண்களை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது 1919-ல், அவர் இறந்து 72 வருஷம் கழித்து. இதையெல்லாம் ஒரு எட்டு வயதுப் பையன் அந்த இடத்தில் நின்று கேட்கணும். போர்ன்மத்தில் மணல் கிடைக்கும், இது கிடைக்காது.

வைகைக்கரை:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. படித்துக் காட்டியதில் வீட்டுக்காரரும் சம்மதித்துவிட்டார். இரண்டு ராத்திரி தங்குவதாக முடிவு. காலண்டரைப் பார்த்தேன், விடுமுறைக்குள்ளேயே பௌர்ணமி வருகிறது.

அம்மோனைட் படத்தை அம்மாவிடம் காட்டினேன். "இது நம்ம பெருமாள் உள்ளில் இருக்கிற சாளக்கிராமத்துச் சக்கரமாச்சே" என்றார். அது சரியா? இன்னும் இரண்டு சந்தேகம். கல்லை எடுத்துக்கொண்டு வருவது சட்டப்படி சரிதானா, உலகப் பாரம்பரிய இடம் என்று போட்டிருக்கிறதே? கரை வழியாகவே சார்மத் வரை நடக்கலாமா?

கல்பொறுக்கி:

அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நேபாளத்தில் கண்டகி நதியில் எடுக்கிற சாளக்கிராமம் அம்மோனைட் படிவம்தான், அதுவும் ஜுராசிக் காலத்ததுதான், லைம் பாறையைவிட வயது கொஞ்சம் குறைவு. இமயமலை எழும்புவதற்கு முன்னால் அங்கே கடல் இருந்தது. நம் அரியலூர், காரைப் பக்கமும் அம்மோனைட் உண்டு, அவை இன்னும் பிந்தைய கிரெடேசியஸ் காலத்தவை. அம்மாவை மன்மத் பீச்சுக்குக் கட்டாயம் கூட்டிப்போங்கள். கடல் நன்றாக உள்வாங்கியிருக்கும்போது காப்பிலிருந்து மேற்கே ஒரு கிலோமீட்டருக்குள் அம்மோனைட் பேவ்மென்ட் என்கிற பாறைத்தளம் வெளியே தெரியும். தளம் முழுக்கச் சக்கரம் சக்கரமாக, சில இரண்டு கையாலும் வளைத்தால்தான் அடங்கும். ஆனால் போகிற வழி முழுக்க உருளைக்கல். ஊன்றுகோல் ஒன்று வாங்கிக்கொடுத்து மெதுவாகக் கூட்டிப்போங்கள், முழங்கால் ஒத்துழைக்காவிட்டால் பாதியில் திரும்பிவிடலாம், மியூசியத்திலேயே பெரிய சக்கரங்கள் இருக்கின்றன. அந்தத் தளத்தில் எதையும் பெயர்க்கக் கூடாது.

கல் எடுப்பது: 2001-ல் அந்தக் கடற்கரை யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது உண்மை. ஆனாலும் கரையில் உதிர்ந்து கிடப்பதை எடுக்கலாம். நாம் எடுக்காவிட்டால் அடுத்த புயலில் கடல் அரைத்துவிடும், அதனால் அங்கே பொறுக்குவதை யாரும் குற்றமாகப் பார்ப்பதில்லை. பாறைச்சரிவைத் தோண்டுவதும் தட்டுவதும்தான் கூடாது. எலும்பு மாதிரி ஏதாவது அபூர்வமாகக் கிடைத்தால் சார்மத் சென்டரில் காட்டிப் பதிவு செய்யணும். பையனுக்குச் சுத்தியல் வேண்டாம், கண் போதும். அவன் டைனோசர் டைனோசர் என்கிறானே, இக்தியோசாரும் பிளீசியோசாரும் கடல் ஊர்வன, டைனோசர் கிடையாது என்று முன்பே சொல்லிவையுங்கள். ஆனால் அசல் டைனோசரும் அங்கே கிடைத்திருக்கிறது. ஸ்கெலிடோசாரஸ், 1858-ல், சார்மத் பக்கத்துச் சரிவில்.

சார்மத் வரை கரை வழியே நடக்க வேண்டாம். சுமார் மூன்று கிலோமீட்டர்தான் என்று தோன்றும், நடுவில் ஏறி வர வழி கிடையாது, கடல் திரும்பினால் மாட்டிக்கொள்வீர்கள். பஸ்ஸில் போய்விடுங்கள்.

பழைய_துறைமுகம்:

மேற்கே அண்டர்கிளிஃப் என்கிற காட்டுக்குள்ளும் பாட்டியையும் பையனையும் கூட்டிப்போகாதீர்கள், சீட்டன் வரை ஏழு மைல், உள்ளே நுழைந்தால் வெளியேற வேறு வழி இல்லை. கதையை மட்டும் பையனுக்குச் சொல்லலாம். 1839 கிறிஸ்துமஸ் சமயத்தில் அந்தப் பக்கத்துப் பிண்டனில் விதைத்திருந்த கோதுமைப் பயிரோடு ஒரு பெரிய நிலத்துண்டு அப்படியே நகர்ந்து தனித்தீவு மாதிரி ஆகிவிட்டது, அடுத்த ஆகஸ்டில் அதே பயிரை அறுவடை செய்தார்கள், வேடிக்கை பார்க்கப் பெருங்கூட்டம்.

பாட்டிமார்_பயணம்:

பௌர்ணமி வாரம் என்றால் அறை இப்போதே பாருங்கள், அந்த ஊரில் ஹாஃப் டெர்மில் கீழ்ப்பக்க அறைகள் சீக்கிரம் போய்விடும்.

கல்பொறுக்கி:

ஆமாம், மியூசியம் நடைக்கும் அப்படித்தான், இன்றே பதிவு செய்யுங்கள். பௌர்ணமி அன்றைவிட மறுநாளோ அதற்கடுத்த நாளோ போட்டால் நல்லது, கடல் அதிகமாக உள்வாங்குவது அப்போதுதான். பொன்னிறக் கல் கிடைத்தால் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவி, நன்றாகக் காயவைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பையோடு மூடிய டப்பாவில் போட்டுவையுங்கள். ஈரம் பட்டால் பைரைட் வெள்ளையாகப் பூத்து உதிர்ந்துவிடும்.